தானே அணைந்துவிடும் என்று போட்டிருந்தது

உறைந்த ஏரியின் மேல் காரில் போகும்போதெல்லாம் ஆர்லிஸ் அண்ணி தன் பக்கத்துக் கதவைச் சாத்தவே மாட்டாள். பெல்ட்டும் போடமாட்டாள். கதவை ஒரு சாண் திறந்து, பிடியைப் பற்றியபடியே வருவாள். பனி உடைந்தால் குதித்துவிடலாம் என்று. வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். வண்டி ஓட்டும் என் அண்ணன் ட்வேன் சிரிப்பார்.

"கதவைச் சாத்துடி. மீனெல்லாம் ஓசியில ஏறிக்கிட்டு வருது."

"வரட்டும். உங்க தூண்டில்ல வர்றதைவிட நிறையவே வரும்."

சொல்லுவாளே தவிர, பிடியிலிருந்து கையை எடுக்கமாட்டாள்.

மினசோட்டாவின் வடகோடியில் எங்கள் ஊர். குளிர்காலத்தில் பாதி ஊர் ஏரிமேல்தான் இருக்கும். பலகைக் குடிலைப் பனிமேல் இழுத்துப்போய் நிறுத்தி, கீழே துளை போட்டு, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்போம். அண்ணனும் அண்ணியும் கரையில் தூண்டிலுக்குப் போடும் இரைமீன் விற்கும் கடை வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கும் அங்கேதான் வேலை.

குடிலுக்குள் கேஸ் ஹீட்டர் எரியும். அது எரிகிறவரை அண்ணி ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வைப்பாள். அண்ணனின் தாடியில் பனி கட்டும். மூடவிடமாட்டாள். மூடிய இடத்தில் ஹீட்டர் எரிந்தால் சேர்ந்து ஆளைக் கொல்லும் வாசனையில்லாத விஷப்புகையைப் பற்றி ஏரியில் எல்லோருக்கும் தெரியும். அவளைப்போல யாரும் அதை நினைத்துக்கொண்டே இருந்ததில்லை.

அந்த வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. குளிர்காற்று ஆகாது என்றார் டாக்டர். ஆனாலும் அவர் குடிலை விட்டு வரமாட்டேன் என்றார். அண்ணி புது ஹீட்டர் வாங்கினாள். பெட்டியின் மேல் பெரிதாக, 'ஏரியிலேயே மிகப் பாதுகாப்பான ஹீட்டர்.' அதற்குக் கீழே, 'உள்ளே காற்று கெட்டால் தானே அணைந்துவிடும்.' பக்கத்தில் ஒரு படம். மூடிய ஜன்னல், வெளியே பனி, உள்ளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கீழே இருந்த வரியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "இனிமே பயமில்லைடி," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் அண்ணனைக் குடிலுக்குள் கட்டிலில் படுக்கவைத்து, ஹீட்டரைப் பற்றவைத்து, ஜன்னலைத் தன் கையாலேயே மூடித் தாழ் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். காட்டரிசி சூப்பை எடுத்துக்கொண்டு திரும்பினோம். கதவைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. நினைவில்லாமல் கிடந்த அண்ணனைப் போர்வையோடு இழுத்து வந்து பனிமேல் போட்டோம். சூப் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் கை நடுங்குகிறது. கேட்டதையே கேட்கிறார். வாடிக்கையாளருக்கு மீதி கொடுக்கத் தெரியவில்லை.

ஹீட்டர் கம்பெனி மேல் நாங்கள் போட்ட கேஸை வக்கீல் ரெனே எடுத்தாள். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "வெறும் பெருமைப் பேச்சுக்காக வழக்குப் போட முடியாது, ஆர்லிஸ். மிகச் சிறந்தது, மிகப் பாதுகாப்பானது, இதெல்லாம் வியாபாரப் பீத்தல். புத்தியுள்ளவங்க யாரும் அதை அப்படியே நம்பமாட்டாங்கன்னு சட்டம் நினைக்குது. இன்ன வேலையைச் செய்யும்னு சொல்லி, செய்யலேன்னாத்தான் பிடிக்கலாம். கம்பெனிக்காரங்க பெட்டியில இருக்கிற ரெண்டு வரியையும் பீத்தல்னு தள்ளப் பார்ப்பாங்க. ஜன்னலை யார் மூடினாங்கன்னும் கேட்பாங்க."

அதற்குப் பிறகு அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. மீன்தொட்டிக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றுவிடுவாள்.

"நான்தான் கொன்னேன்னு தீர்ப்பு எழுதிடுவாங்களாடி?"

"அண்ணன் உயிரோடதானே இருக்கார், அண்ணி."

"பாதிதானே இருக்கார்."

விசாரணைக்கு முன்னால் அண்ணி தரவேண்டிய வாக்குமூலம் கம்பெனி வக்கீல் ப்ரூயிட்டின் ஆபீசில். நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். வாயைத் திறக்காமல் இருந்தால் உள்ளே உட்காரலாம் என்றார்கள். அது எனக்குச் சிரமமில்லை. சத்தியம் வாங்கினார்கள். ப்ரூயிட் மரியாதையாகத்தான் பேசினார்.

ஒரு போட்டோவை அவள் முன்னால் நகர்த்தினார். எங்கள் கடைப் பலகை. 'எங்கள் இரையைக் கண்டால் மீன் வரிசையில் நிற்கும்.'

"இது யார் எழுதினது, மேடம்?"

"நான்தான், சார்."

"மீன் வரிசையில நின்னுதா?"

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கூடச் சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. "இல்லைங்க."

"உங்க மேல யாராவது கேஸ் போட்டாங்களா?"

"இல்லை." அவள் முகம் வெளுத்துவிட்டது. இதற்காகக் கடையையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"அப்ப விளம்பரம்னா ஏத்திச் சொல்றதுன்னு உங்களுக்கே தெரியும். மிகப் பாதுகாப்பானதுன்னு போட்டதை நீங்க நம்பல. சரிதானே?"

ரெனே ஏதோ ஆட்சேபம் சொன்னாள். ஆனாலும் அண்ணி பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றார் ப்ரூயிட்.

"நம்பல, சார்."

போச்சு என்று நினைத்தேன்.

"பின்னே எதுக்கு ஜன்னலை மூடினீங்க?"

அண்ணி தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "கீழே போட்டிருந்ததை நம்பினேன். தானா அணைஞ்சிடும்னு... எனக்கு எப்பவும் பயம், சார். பயப்பட வேணாம்னு ஒருத்தர் சொன்னாப் போதும்னு இருந்துச்சு. அதான் மூடினேன். நான்தான் மூடினேன்."

ப்ரூயிட் காகிதத்தைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வண்டியருகில் ரெனே, "அந்த முதல் வரியை நம்பலேன்னு இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேணாம், ஆர்லிஸ்," என்றாள்.

"சத்தியம் வாங்கினாங்களே," என்றாள் அண்ணி. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

வசந்தத்தில் நீதிபதியின் உத்தரவு வந்தது. மிகப் பாதுகாப்பானது என்ற வரிக்காக யாரும் வழக்குப் போட முடியாது என்று அதைத் தள்ளிவிட்டார். தானே அணைந்துவிடும் என்ற வரி ஜூரியின் முன்னால் போகும். ஜன்னலை மூடியதில் அண்ணியின் தவறு எவ்வளவு என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

விசாரணைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அண்ணன் கடையில் தொட்டியருகே உட்கார்ந்திருக்கிறார். அண்ணி குடிலை விற்றுவிட்டாள். அந்த ஹீட்டர் நெடுஞ்சாலைக் கடையில் இன்னும் விற்கிறது. பெட்டியில் இரண்டு வரிகளும் அப்படியே இருக்கின்றன.