ஷாதிபூருக்கு ஒரு சுற்றுவழி

ஹேடோ ஜெட்டி டாக்ஸிக்காரரே, நீர் என்னை ஏமாற்றினீர். அன்றுதான் நானும் என் மனைவியும் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவில் குடியேறக் கப்பலில் வந்து இறங்கியிருந்தோம். "ஷாதிபூர் பஹுத் தூரம், அண்ணா" என்று சொல்லி ஊரெல்லாம் சுற்றினீர். நடந்தே போகலாம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

வண்டியில் என் மனைவி அழுதுகொண்டே வந்தாள். "அடுத்த கப்பல்லயே என்னை ஊருக்கு அனுப்பிடுங்க."

நீர் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினீர். காடு கடல்வரை இறங்கியிருந்தது. கடல் கரையோரம் பச்சையாகவும், அப்பால் நான் எங்கும் பார்த்திராத நீலமாகவும் கிடந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு இறங்கி நின்றாள்.

"தினமும் இதைப் பார்க்கலாமா?"

"ரோஜ் பார்க்கலாம், பெஹன்" என்றீர்.

அவள் ஊருக்குப் போகவில்லை.

காசுக்காகச் சுற்றினீரா, அவள் அழுததற்காகவா? அதே ஜெட்டியில், நாலு பேர் முன்னால் பதில் சொல்லும்.