இரண்டு மாநிலம், ஒரு அளவுகோல்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று சொன்ன புண்ணியவான், ஆற்றுத் தண்ணீரையே அளக்கப் போனவன் கதி என்ன என்பதைச் சொல்லாமல் போய்விட்டார். அந்த வேலைதான் எனக்கு. ஆந்திராவிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். கேஜ் ரீடர் என்பார்கள். குடியிருப்பது பட்டாபிராமில், தினமும் விடியற்காலை பைக்கை எடுத்துக்கொண்டு எல்லைக்கு ஓட்டம். குழாயைத் திறந்து காற்று வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால், நாமெல்லாம் ஒரே கட்சி என்ற தைரியத்தில் ஒரு கோடையில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சாவி என் சட்டைப்பையில்

அந்த வருஷம் ஏரிகள் காய்ந்துகிடந்தன. எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரி. தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய், கிளாஸ் கழுவத் தண்ணீர் போதாமல் சாயங்கால வியாபாரத்தையே நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையைக் காலி செய்துவிட்டு ஆவடியில் மச்சான் கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதகின் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தினமும் என் பைக்கை மறிப்பார். "இன்னா அண்ணாத்தே, தண்ணி எங்க வந்துகினு கீது?" என்பார். திறப்பது நானல்ல, வருவதை அளப்பவன் மட்டும்தான் என்று எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்:

"அளக்கறது அப்பால கெடக்கட்டும் அண்ணாத்தே. மொதல்ல வரச் சொல்லு. வந்தா நானே அளந்து சொல்றேன்!"

மேடும் பள்ளமும்

எல்லையில் கால்வாய்ச் சுவரில் அடியும் அங்குலமுமாகக் கோடு போட்ட அளவுகோல் ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து நின்று பார்த்து, அவரவர் நோட்டில் எழுதி, ஒருவர் நோட்டில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆந்திரா பக்கத்து ஆள் வெங்கய்யா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பெண் எடுத்தது திருவள்ளூரில், அதனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

தண்ணீர் ஒரு கோட்டில் நின்றால்தானே! அலை ஏறும், இறங்கும். கொடுப்பவர் கட்சி என்பதால் வெங்கய்யா அலையின் மேட்டைப் பார்ப்பார். வாங்குகிறவன் கட்சி என்பதால் நான் பள்ளத்தைப் பார்ப்பேன். இருவரும் பொய் சொல்லவில்லை, சத்தியம். வித்தியாசம் இரண்டு விரல்கடைதான். ஆனால் கால்வாய் அகலத்துக்கு இரண்டு விரல்கடை என்பது பொழுது சாய்வதற்குள் ஒரு குளம். இரண்டு அலுவலகங்களும் கடிதச் சண்டை போட்டுக் களைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தன: தொடர்ந்து ஏழு நாள் இரண்டு நோட்டும் ஒத்துப்போனால் கூடுதல் தண்ணீர் திறக்கப்படும். காதர் பாய் கடை என் விரலில் வந்து தொங்கியது. வெங்கய்யாவோ சிரித்தார்.

"உங்க ஆபீசருக்குப் பள்ளம் புடிக்கும், எங்க ஆபீசருக்கு மேடு புடிக்கும். தண்ணிக்கு மட்டும் ஆபீசரே லேது தம்பி!"

ஒரு துண்டு குழாய்

ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் எங்கள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தொட்டி முழுக்கக் கொந்தளிப்பு. உள்ளே செங்குத்தாக நின்ற பழைய பிளாஸ்டிக் குழாய்க்குள் மட்டும் தண்ணீர் அசையாமல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஓர் ஆள் உயரக் குழாய் ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். அடியை மூடி, ஒரு சின்ன ஓட்டை மட்டும் போட்டு, சுவர் அளவுகோலை ஒட்டி நிறுத்திக் கட்டினோம். ஒரு நீள மரச்சட்டத்தில் அதே அளவுகளைக் குறித்து, சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்கினால், நனைந்த இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு. அதில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருநாள் வெங்கய்யா இறக்க நான் படிப்பது, மறுநாள் நான் இறக்க அவர் படிப்பது என்று வழக்கமாயிற்று. வெங்கய்யா குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொழாக்குள்ள போனா தண்ணிக்கே புத்தி வந்துடுது. மனுசன் நொழையற சைஸ்ல கெடச்சா ரெண்டு வாங்கிட்டு வா."

ஏழாம் நாள்

ஆறு நாள் ஒத்துப்போனது. ஏழாம் நாள் எட்டு மணிக்கு வெங்கய்யாவைக் காணோம். போனும் எடுக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏழு நாள். நேரத்தை விடக்கூடாதென்று எட்டு மணிக்கே சட்டத்தை இறக்கி எடுத்தேன். சாக்பீஸ் கோடு அழியாமல் அதை மதகு நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, கோழி அடைகாப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதேகாலுக்கு ஒரு வைக்கோல் டிராக்டரிலிருந்து குதித்தார். பாதி வழியில் பைக் செயின் அறுந்துவிட்டதாம். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டார், அது எனக்குத் தெரியும். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டத்தின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து அவரே இறக்கினார். அதே கோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம்.

மத்தியானம் எங்கள் பொறியாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜையில் நான் கொடுத்த நோட்டு விரிந்திருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தெலுங்கு! என் நோட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. போச்சு, ஏழு நாளும் போச்சு என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பக்கத்துப் பொறியாளரிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. இருவரும் ஒவ்வொரு நாளாக எண்களைப் படித்துப் பார்த்தார்கள். பிறகு வெகுநேரம் சிரித்தார்கள். போனை வைத்துவிட்டு அம்மா சொன்னார்:

"சாயங்காலமே கூடுதலா திறக்கறாங்களாம். இனிமே தினமும் நோட்டை இப்படியே மாத்தி எடுத்துக்கிட்டு வாங்க, ஒருத்தர் எழுதினதை மத்தவங்க சரிபார்த்துடலாம், எங்களுக்கும் நிம்மதி!"

பதினைந்து வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலைக்குக் கிடைக்காத பாராட்டு, ஒரே ஒரு நாள் கவனமில்லாமல் இருந்ததற்குக் கிடைத்தது.