அப்பாவைக் கேட்காமல் போட்ட கையெழுத்து

செருப்புக் கடையில் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'சரிப்பா'. அப்பாவிடமிருந்து போன் வந்தால் அவன் வாயிலிருந்து வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது, "படிச்சுக் கிழிச்சது போதும், வேலைக்குப் போ" என்றார் அப்பா. சரிப்பா. "இந்தப் பொண்ணைக் கட்டிக்கோ." சரிப்பா. பெண் நல்லவளாக அமைந்தது இவன் அதிர்ஷ்டம். அதையும் தன் சாமர்த்தியம் என்றே அப்பா சொல்லித் திரிந்தார்.

பதினெட்டு வருடமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதங்களைப் பிடித்துப் பார்த்தவன் அவன். எந்தக் கால் கடுக்கும், எது வீங்கும் என்று தொட்டதுமே சொல்லிவிடுவான். ஒருமுறை ஒரு டீச்சரம்மாவின் குதிகாலைப் பார்த்துவிட்டு, "மேடம், செருப்பு ஓடியா போகுது? முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பினான். முதலாளி காட்டுக் கத்தல் கத்தினார். இவன் அசையவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இருபது வருடச் சர்க்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டும்போது, இடது காலின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருப்பதைப் பார்த்தான். அழுத்தினான். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. வலியே தெரியவில்லை.

"அப்பா, இது நல்லால்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கல்லு இடிச்சதுடா. களிம்பைப் போடு."

போட்டான். நாலாம் நாள் நாற்றம் வந்தபிறகுதான் அவர் வண்டி ஏறச் சம்மதித்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு விரலை இன்னிக்கே எடுத்துடணும். விட்டா மேல ஏறும்."

அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். "என் உடம்புல ஒரு நகம் போறதா இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் போகணும். ஆட்டோவைக் கூப்பிடு."

"நீங்க மகன்தானே? எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார் டாக்டர்.

அவன் வாயைத் திறந்தான். வந்தது அதே ஒரு சொல்தான்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "டீச்சருக்குச் சொல்லத் தெரிஞ்சுது, பெத்தவருக்குச் சொல்லத் தெரியலையா?"

"அவர் மனசு நோகும்டி."

"கால் நோக மாட்டேங்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டான். குளிப்பாட்டினான், ஊட்டினான், மலச்சட்டி எடுத்தான். பார்க்க வந்தவர்கள், "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்" என்றார்கள். வெளிநாட்டிலிருந்து அக்கா போனில், "அப்பா இஷ்டப்படி விடுடா தம்பி. உன்னை மாதிரி யாரு பாத்துப்பா?" என்றாள். அந்த வார்த்தைகள் அவனுக்கு இனிக்கத்தான் செய்தன. அந்த இனிப்பில் பதினொரு நாள் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் அப்பாவுக்கு நினைவு தப்பியது. இப்போது விரல் பேச்சே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். நர்ஸ் தாளை நீட்டினார். அவன் பேனாவை வாங்கிப் பெயரை எழுதினான். அப்பாவைக் கேட்காமல் அவன் போட்ட முதல் கையெழுத்து அது.

கண் விழித்த அப்பா போர்வையைத் தடவிப் பார்த்தார். அதன்பின் ஒரு மாதம் மகனோடு பேச்சில்லை. அவன் எதிரிலேயே நிற்பான். "உன் புருஷனைத் தண்ணி கொண்டுவரச் சொல்லும்மா" என்பார் மருமகளிடம். அக்கா பறந்து வந்தாள். "நான் இருந்திருந்தா கையெழுத்துப் போட விட்டிருப்பேனா?" என்று எல்லோர் காதிலும் விழ அழுதுவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறினாள். பிள்ளையைப் புகழ்ந்த அதே வாய்கள், "அவசரப்பட்டுட்டான்" என்று உச்சுக்கொட்டின.

கட்டுப் பிரிக்கப் போன அன்று டாக்டர் போகிற போக்கில் சொன்னார்: "அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா ரெண்டு விரலோட முடிஞ்சிருக்கும் பெரியவரே."

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா அவனிடம் வாய் திறந்தார்.

"ரெண்டு விரலோட முடிஞ்சிருக்குமாமே?"

"ஆமாப்பா."

"நான் வேணாம்னா விட்டுடுவியா? கால் சமாச்சாரம் உனக்குத் தெரியாததா? கட்டித் தூக்கிட்டுப் போயிருக்க வேணாம்? ஆம்பளைதானடா நீ?"

அப்பா சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"ஒரு தடவையாவது என்னை எதிர்த்துப் பேச விட்டிருந்தீங்கன்னா, தூக்கிட்டுப் போயிருப்பேன்ப்பா."

வீடு வந்ததும் அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தி, வெட்டிய காலின் மிச்சத்துக்கு அடியில் தலையணை வைத்தான். அவன் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அப்பா மருமகளிடம் போனைக் கேட்டு வாங்கி மகளை அழைத்தார். குரலை அவர் தாழ்த்தவில்லை.

"உன் தம்பி இப்பல்லாம் வாய்க்கு வாய் பேசறான்மா. கால் போச்சு, மரியாதையும் போச்சு."