அட்டைப்படத்துக்கு வேண்டிய புழுதி

உலகக் கவிஞர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் எங்கள் கிளெனிஸ் ஹாட்ரிலை உட்காரவைத்தால், அவர்கள் எல்லோரும் எகிறிப்போய் நிலாவில்தான் விழுவார்கள். ஆஸ்திரேலியாவில், டார்லிங் ஆற்றங்கரையில் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் நாங்கள் இறங்கியதும் ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுவாள்.

ஆற்றில் மீன்கள் செத்து மிதந்த கோடையைப் பற்றிய அவள் கவிதையைச் சிட்னியில் ஒரு தொகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அட்டையிலும் அவள்தான். தொகுப்பாசிரியை ஃபெலிசிட்டி புகைப்படக்காரரோடு வந்து இறங்கியபோது, மூன்று நாள் மழையில் ஊரே பச்சையாகக் கிடந்தது.

"செம்மண் புழுதி எங்க?" என்றாள், நாங்கள் ஏமாற்றிவிட்டதுபோல.

"ஊறப்போட்டிருக்கோம்," என்றேன்.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. மேலாற்றுப் பருத்திப் பண்ணையின் பம்பு ஆற்றை உறிஞ்சியதைச் சொல்லும் நாலு வரி.

"அது அரசியல், கிளெனிஸ். மண்ணை மட்டும் பாடுங்க. இல்லன்னா தொகுப்புல கவிதையே வராது."

"மண்ணு தானாவா காஞ்சுது? காயவெச்சது யாருன்னு சொல்லாம, நான் யாருன்னு எப்படிச் சொல்றது?"

ஆனால் புத்தகம் வேண்டுமென்று பாதி ஊர் சொல்லிவைத்திருந்தது. கிளெனிஸ் நாலு வரியையும் அடித்து நீக்கிக் கொடுத்தாள். எப்போதும் சீட்டியடித்தபடி ஓட்டுபவள், அன்று மாலை பேருந்தில் சீட்டியடிக்கவில்லை. பின்சீட்டில் நாங்களே வாலைச் சுருட்டிக்கொண்டோம்.

மறுநாள் ஃபெலிசிட்டியிடம் சொன்னேன்: "புழுதி ஒரு இடத்துல இருக்கு. காட்டறேன்."

கூட்டிப்போனேன். கிளெனிஸை நிறுத்தி, அப்பாவின் வண்டிச் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டேன். செம்புழுதி வானத்துக்கு எழும்பியது. படக்காரர் இருமிக்கொண்டே படமாகச் சுட்டுத் தள்ளினார். "என்ன ஒரு நிலம்," என்று ஃபெலிசிட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் கிளெனிஸ், புழுதி, அவள் தோளுக்குப் பின்னால் கன்றுக்குட்டி நுழையும் அகலத்தில் பருத்திப் பண்ணையின் பம்புக் குழாய், ஆற்றுக்குள் வாயை வைத்தபடி. மதுக்கடையில் அதை மாட்டிவிட்டு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிளெனிஸ் மூன்று நாள் சீட்டியடித்தாள்.

இதில் என் வேலை எதுவுமில்லை. பம்படியில் மட்டும் மழை பெய்யாதது தற்செயல். இதுவரை எழுதியதை அவளிடம் சரிபார்க்கக் கொடுத்தேன்.

"தற்செயலாடி டெஸ்?" என்றாள். "மழை படாத என் கோழிக்கொட்டகைத் தரையில முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அட்டையில என் மூக்குமேல ஒட்டியிருக்கறது என் கோழியோட இறகு. மண்வெட்டியை எங்க வெச்சே?"