பனிக்கரடிக்காகப் பேசிய பிள்ளை

எங்கள் பக்கத்துப் பேச்சுப் போட்டிகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பேச்சை எழுதுவது டீச்சர். பாடமாக்கிப் பேசுவது பிள்ளை. பரிசு வாங்கும்போது முன்வரிசையில் இருந்து அழுவது தாய். இருபத்தாறு வருடமாக நானும் அந்தச் சட்டப்படியே நடந்து வந்தவள். பால்பல் விழாத பிள்ளைகளின் வாயில் "சான்றோர் நிறைந்த சபைக்கு என் சிரம் தாழ்ந்த வணக்கங்கள்" என்று ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இது பிள்ளையின் பேச்சா என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. நடுவர்களும் டீச்சர்மார்தானே, அவர்கள் வீட்டிலும் அதே கதைதான்.

என் பாடசாலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே இரண்டு கட்டிடம், ஒரு வேம்பு, ஐந்தாம் ஆண்டு வரைக்கும் வகுப்பு. நான் வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பாலம் கடந்து போய் வருகிறேன். சொல்லப்போவது சில வருடங்களுக்கு முன்னர் நடந்தது. கொரோனா முடிந்து பாடசாலைகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த காலம்.

அப்போது வந்தாறுமூலையில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி என்றால் எனக்குப் பகல் சாப்பாடும் ஃபைல் மட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த முறை வகுப்பு எடுக்க வந்த வளவாளர் என்னை உண்மையில் உலுக்கிவிட்டார். "உலகப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசச் சின்னப் பிள்ளைகளுக்கும் உரிமை இரிக்கு. நீங்க எழுதிக் குடுக்காதீங்க. அவங்க வாயத் திறக்கட்டும்" என்றார். அதை என் கொப்பியில் எழுதி இரண்டு தரம் கீழ்க்கோடு போட்டேன். பாலத்தால் திரும்பி வரும்போது நான் வேறு டீச்சராகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த நாளே நாலாம் ஆண்டு வகுப்பின் கரும்பலகையில் "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று பெரிதாக எழுதிவிட்டு, உலகத்தில் என்னென்ன பிரச்சினை இருக்கிறது என்று கேட்டேன். யானை என்றது ஒரு பிள்ளை. எங்கட வேளாண்மையை உழக்கிப்போட்டு, மாமாவையும் கலைச்சது டீச்சர் என்றது. வாவியில் மீன் இல்லை என்றது இன்னொன்று. கரண்ட் பில் என்றது மூன்றாவது. எல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவற்றையெல்லாம் அழித்துவிட்டு என் கையெழுத்தில் மூன்று தலைப்பை எழுதினேன்: காலநிலை மாற்றம், பிளாஸ்டிக், போரில்லாத உலகம். இதை இப்போது நினைத்தால் என் கையிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தகப்பன் மற்றவர்களின் வட்டையில் கூலிக்கு வயல் வேலை செய்கிறவர். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை அதிகம் கதைக்காது. ஆனால் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டால், அந்தச் சின்ன உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிய குரல் வரும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். சிறுவர் தின விழாவுக்குப் பிரதேச மட்டத்தில் உலகப் பிரச்சினைகள் என்ற தலைப்பில் பேச்சு வைத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளையை அனுப்புங்கள் என்று கடிதம் வந்ததும் நான் அவளைத்தான் எடுத்தேன்.

"இந்த முறை டீச்சர் எழுதித் தரமாட்டன். நீங்களே எழுதிக்கொண்டு வாங்க மகள். பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் வந்து இரிப்பாங்க. நீங்க சொல்றது அவங்கட காதில விழும்" என்றேன்.

"பிரதேச செயலாளரும் வருவாரா டீச்சர்?"

"ஓம். அவர்தான் பிரதம விருந்தாளி."

"இடையில எழும்பிப் போகாம முழுக்கக் கேப்பாரா?"

"மாலை போட்டு இருத்தினா எங்க எழும்பிப் போறது? கேட்டுத்தான் ஆகணும்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் இடைவேளைக்கு, கொப்பியிலிருந்து கிழித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்.

"அவையோருக்கு வணக்கம். நான் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அவர்கள் அம்மாவை வீட்டுக்கு விடுகிறார்கள் இல்லை. பாஸ்போட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். வெளியே போகும்போது அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டு மேடம் அடிப்பா. அம்மா போனில் மெதுவாகத்தான் கதைப்பா. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அவர் தாங்கமாட்டார், யாராவது பெரிய ஆளுக்குச் சொல்லு மகள் என்று சொன்னா. அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். நன்றி."

நான் இரண்டு தரம் வாசித்தேன். பயந்துபோனேன். அது அந்தத் தாய்க்காக வந்த பயம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் முதலில் வந்த பயம் மேடையைப் பற்றியது. இதைப் பிள்ளை சபையில் சொன்னால் அதிபர் என்ன சொல்வார், விருந்தாளி முகம் எப்படிப் போகும், ஊர் என்ன கதைக்கும். வெளிநாடு போன பெண்ணைப் பற்றி எங்கள் ஊர் வாய் ஒன்றுக்குப் பத்தாக முடிச்சுப் போடும் என்பது எனக்குத் தெரியும்.

"இது வீட்டுக் கதை மகள். இத மேடையில சொல்லப்படா. சனம் வேற மாதிரிக் கதைக்கும். அம்மாட பேர்தான் கெடும். தலைப்பு உலகப் பிரச்சினைதானே?"

அவள் தாளில் விரலை வைத்தாள். "அம்மா வேற நாட்டிலதானே இரிக்கா டீச்சர். அப்ப இது உலகப் பிரச்சினை இல்லியா?"

இந்தக் கேள்வியை வந்தாறுமூலையில் மூன்று நாளும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பிள்ளை மடக்கிவிட்டால் டீச்சர்மார் செய்வதை நானும் செய்தேன். மணி அடிக்கப் போகுது, வகுப்புக்குப் போங்க என்றேன். "இத டீச்சர் பாத்துக்கொள்றன். ஒரு பெரிய ஆளோட நானே கதைக்கிறன்" என்றும் சொன்னேன். அவள் முகம் அப்படியே தெளிந்தது. அந்தத் தெளிவுதான் இன்றுவரை என்னை நித்திரையில்லாமல் வைத்திருக்கிறது. தாளை மடித்து என் கைப்பையில் வைத்தேன்.

அன்று பின்னேரம் ஒரே இருப்பில் இருந்து பனிக்கரடியைப் பற்றி ஒரு பேச்சு எழுதினேன். உலகம் சூடாகிறது, வடதுருவத்துப் பனி உருகுகிறது, ஒரு தாய்க்கரடி தன் குட்டியைப் பிரிந்து, உடைந்த பனிக்கட்டியின் மேல் தனியே மிதக்கிறது. குட்டி கரையில் நின்று அம்மா, அம்மா என்று கூப்பிடுகிறது. நானே எழுதி நானே கண் கலங்கினேன். ஒரு தாயைப் பற்றிய தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் அதை எழுதினேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பேச்சுப் பயிற்சி வேம்பின் கீழ் நடந்தது. பார்க்க வந்த பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் உமி ஒட்டிக்கொண்டு கிடக்கும் கட்டிதான். அதற்கு மேல் கரடி எப்படி நிற்கும், வழுக்காதா என்று ஒருவன் கேட்டான். நான் அதட்டிவிட்டேன். அவள் மட்டும் வேறு கேள்வி கேட்டாள்.

"கரடிக்கு வேற இடத்துக்குப் போக ஏலாதா டீச்சர்?"

"ஏலாது. சுத்திவரக் கடல்."

அவள் மறுபடி வேம்படிக்குப் போய் நின்றாள். சொன்னபடி கையை நீட்டினாள், சொன்ன இடத்தில் நிறுத்தினாள். "கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்று நான் மைதானத்தின் மறு தொங்கலில் போய் நின்றேன். கேட்டது. குட்டி தாயைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் அவள் குரல் நடுங்கியது. நான் நன்றாகப் பழக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்குக் காத்தான்குடியில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். மண்டபம் நிறைந்த சனம். அவள் பேசி முடித்தபோது பிரதேச செயலாளர் எழும்பி நின்று கைதட்டினார். இரண்டாம் வரிசையில் இருந்த ஓர் உத்தியோகத்தர் சட்டைப்பை லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். அவரை எனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. முதல் பரிசு எங்களுக்கு. தாய்மார் இருக்கும் வரிசையில் அவளுக்காக அழ ஆள் இல்லை. அதனால் நானே அழுதேன்.

பிறகு தேநீர் நேரத்தில் அந்த உத்தியோகத்தருக்கு ரோல்ஸ் தட்டை நீட்டியதும் நான்தான். "சின்னப் புள்ள, என்னமாப் பேசுது டீச்சர்" என்றார். என் தோளில் கைப்பை, கைப்பைக்குள் தாள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நினைவு இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக இதை ஏன் எடுப்பான், நாளைக்குக் காரியாலயத்தில் போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தேன். அடுத்த நாள், மாவட்டப் போட்டிக்கு ஆயத்தமாகுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. அதன் பிறகு பரீட்சை வந்தது, மழை வந்தது, வீதி வெள்ளத்தில் மூழ்கி இரண்டு கிழமை பாடசாலை இல்லை. ஒரு வார்த்தை சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு வருடமாகக் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு நாள் விறாந்தையில் வைத்து, "அம்மா எப்பிடி மகள்?" என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "நல்லா இரிக்கா டீச்சர்" என்றாள், நான் பழக்கிய அதே தெளிவான குரலில். டீச்சர் ஒரு பெரிய ஆளிடம் சொல்லியிருப்பார் என்று நம்பி அப்படிச் சொன்னாளா, இனி இவளிடம் சொல்லிப் பயனில்லை என்று விளங்கித்தான் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நல்லா இரிக்காவாம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வருடம் அறுவடை முடிந்த கையோடு தகப்பன் பாடசாலைக்கு வந்தார். "அவ வந்திட்டா டீச்சர்" என்றார். சந்தோசப்படப் போன என்னை அவருடைய முகம் நிறுத்தியது. "அந்த வீட்டுப் படியில விழுந்திட்டாவாம். ஆஸ்பத்திரியில விட்டிட்டுப் போயிட்டாங்களாம். அங்கயிருந்துதான் அனுப்பியிரிக்காங்க."

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோடம்பழமும் ஒரு பால்மாப் பக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். கைப்பையில் அந்தத் தாளும் இருந்தது. அந்தத் தாயின் காலைப் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும், உங்கட புள்ள சரியான நேரத்தில சொன்னா, நான்தான் மடிச்சு வச்சிட்டன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க வசனம் பேசிக்கொண்டு போனேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் போனேன்.

தாய் வாசலில் பாயில் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என்னைவிடக் கிழண்டு போயிருந்தாள். இடது கை முழங்கையோடு மடிந்தபடி நிமிராமல் இருந்தது. நான் வணக்கம் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

"அந்தக் காது கேக்காது டீச்சர். இஞ்சால வந்து இரிங்க" என்றாள் பிள்ளை. ஒரு படியிலிருந்து விழுந்தால் ஒரு பக்கத்துக் காது எப்படிப் போகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, பிள்ளை தாயின் வலது பக்கமாக முழங்காலில் நின்று, "எங்கட டீச்சர், அம்மா" என்று உரக்கச் சொன்னாள். கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்.

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா டீச்சர்? என்ட புள்ளயப் பேச வச்சது நீங்கதானாம். சட்டையும் எடுத்துக் குடுத்தீங்களாம். அப்ப என்ட போனையும் பறிச்சிட்டாங்க, கேக்கக் கிடைக்கல்ல." பிறகு பிள்ளையைப் பார்த்து, "அந்தப் பேச்ச ஒருக்காச் சொல்லு புள்ள. டீச்சருக்கு முன்னால சொல்லு" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பிள்ளை எழும்பிவிட்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தாயின் நல்ல காதுப் பக்கம் போய் நின்று, கையைக் கட்டி, சான்றோர் நிறைந்த சபைக்கு வணக்கம் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. உருகும் பனிக்குக் கையை விரித்தாள். தாய்க்கரடி மிதந்து போவதற்கு நான் சொல்லிக்கொடுத்தபடி கண்ணால் தூரம் காட்டினாள். குட்டி அம்மா, அம்மா என்று கூப்பிடும் இடம் வந்தது. இந்த முறை குரல் நடுங்கவில்லை.

தாய் நிமிரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாவம் புள்ள, அந்தக் கரடி. அதுக்காக ஒருத்தரும் கதைக்கல்லியா?"

"நான் கதைச்சன் அம்மா" என்றாள் பிள்ளை, உரத்து.

"நல்ல வேல செஞ்சாய்" என்று தாய் அவள் தலையைத் தடவினாள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். தாளைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.