டீச்சர் வீட்டு வாதாமரம்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது க்ளிப்புகள் தீர்ந்துவிட்டன. எடுத்து வரலாம் என்று கீழே இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்திருப்பேன், மேலே இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தொடை கனத்தில் ஒரு வாதாமரக் கிளை கொடியையும் அறுத்துக்கொண்டு மாடியின் குறுக்கே கிடந்தது. என் கணவரின் வெள்ளைச் சட்டை அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய காற்றுகூட இல்லை. சாதாரணமான ஒரு மத்தியானம். நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மரம் பக்கத்து வீட்டு டீச்சருடையது. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் ‘டீச்சர்’ என்றால் அவர் ஒருவர்தான், மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். ஆனால் அந்த வீடு ஒருநாளும் தனி ஆள் இருக்கும் வீடுபோலத் தெரிந்ததில்லை. கேட் அருகே நின்று அவர் பால்காரரைக் கூப்பிட்டால் அடுத்த தெருப் பால்காரரும் திரும்பிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போதும் நடையில் அணிவகுப்பின் மிடுக்கு இருக்கும். மரத்தின் அடி அவர் பக்கம், நிழலில் பாதி எங்கள் பக்கம். கோடையில் எங்கள் மாடி அறை தாங்கக்கூடியதாக இருந்ததற்கு அந்த மரமே காரணம். மழைக்காலத்தில் மாடியில் தண்ணீர் தேங்கிச் சுவர் ஊறியதற்கும் அதுவே காரணம். அதன் அகலமான சிவந்த இலைகள் மழைநீர்க் குழாயின் வாயை வந்து அடைத்துக்கொள்ளும்.

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பிய கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மதில் பக்கம் போனார்.

“டீச்சர், இந்த மரத்தை எடுத்துடுங்க.”

“ஒரு கிளை ஒடிஞ்சதுக்கு மரத்தையே எடுப்பாங்களா தம்பி? கை ஒடிஞ்ச பசங்களை எல்லாம் நான் ஸ்கூலை விட்டா அனுப்பினேன்?”

“கீழே என் ஒய்ஃப் நின்னிருந்தா?”

டீச்சர் ஒரு நிமிடம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கணவர் சண்டைக்காரர் அல்ல. பயந்துவிட்டார், பயம் கோபமாக வெளியே வந்தது. கிளைகள் மேலே பரவியிருந்த அந்த மாடி அறையில்தான் எங்கள் மகள் படுப்பாள். அவளைக் கீழே படுக்க வைத்தோம். நானோ இரண்டு பக்கமும் சேராமல் தவித்தேன். அந்த மரமும் வேண்டும், அந்த மனுஷியும் வேண்டும், என் குழந்தையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

சில நாட்கள் கழித்து டீச்சர் தம் பழைய மாணவி ஒருத்தியோடு மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தப் பெண் விவசாயம் படித்தவளாம். ஏணி வைத்து ஏறி, கிளைகளைத் தட்டித் தட்டிக் கேட்டாள். அன்று மாலையே டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, நீங்க பயந்தது சரிதான். உங்க மாடி மேல வர்ற பெரிய கிளை உள்ளே உளுத்துப்போயிருக்கு. அதை எடுத்துடறேன். இன்னும் ரெண்டு மூணு கிளையில கனத்தைக் குறைக்கணுமாம். ஆனா மரத்தை எடுக்க மாட்டேன். கயிறு கட்டி இறக்க உங்க மாடி வேணும்.”

கணவர் காலண்டரைப் பார்த்தார். “நான் ஞாயித்துக்கிழமைதான் வீட்ல இருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு சர்ச்.”

“அப்போ லீவு போடறேன்,” என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மரம் வெட்டுகிறவர் இரண்டு ஆட்களோடு வந்தார். தெருவில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு வேலை தொடங்கியது. தொடங்கும் முன்பே முதல் தகராறு.

“இன்னா டீச்சர், மொத்தமா மொட்டை அட்ச்சி வுட்டா ரெண்டு வருசத்துக்குப் பேஜாரே இல்ல. பாத்துப் பாத்து வெட்டச் சொல்றீங்க?”

“மொட்டை அடிச்சா குச்சி குச்சியா வெடிச்சு வரும்ப்பா. அது எதுக்கும் பலம் இருக்காது, அடுத்த காத்துக்கு அதுதான் ஒடியும். நான் சொல்ற கிளையை மட்டும் எடு. கிளை மரத்தோட சேர்ற கணுவை ஒட்டி எடு, கணுவைக் காயப்படுத்தாதே.”

வெட்டுகிறவர் சிரித்துக்கொண்டே ஏறினார். டீச்சர் எங்கள் மாடியில் விசிலோடு நின்றார். ஒரு ஊதல் என்றால் வெட்டு, இரண்டு என்றால் நிறுத்து. முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தார்கள். அப்படிச் செய்தால்தான் கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழாதாம். சின்னக் கிளைகள் ஒழுங்காக இறங்கின. உளுத்த கிளையின் முறை வந்தது. அதை இறக்கும் கயிறு ஆட்களிடம் இருந்தது. அது எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சாயாமல் இருக்க அதில் கட்டிய இன்னொரு கயிற்றை என் கணவர் பிடித்திருந்தார்.

அறுபட்டதும் கிளை எல்லோரும் நினைத்ததைவிட வேகமாகத் திரும்பியது. கணவரைக் கயிறு தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டு டீச்சர் பாய்ந்து அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார்.

“குதிகாலை ஊனுங்க தம்பி! இழுக்காதீங்க, பின்னாடி சாயுங்க! சாயுங்க!”

எத்தனையோ வருடம் கயிறிழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிய குரல். கணவர் அப்படியே சாய்ந்தார். நானும் ஓடிப்போய்க் கயிற்றின் வாலைப் பிடித்தேன். கிளை தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி ஆடி, மெல்ல மெல்ல மாடியில் வந்து படுத்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். முதலில் சிரித்தவர் என் கணவர்.

அறுபட்ட முனையில் பொந்து. அவர் அதற்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி கறுத்த தூளை எடுத்தார். “இதுவா நம்ம தலைக்கு மேல இருந்துச்சு?”

“நானும் தெரியாமத்தான் இருந்தேன்,” என்றார் டீச்சர், மிக மெல்ல. பிறகு பழைய குரலில், “சரி, பசிக்குது. என்னம்மா சமையல்?”

எலுமிச்சை சாதம்தான். எல்லோரும் மாடியிலேயே சாப்பிட்டோம். மரம் மொட்டையாகவில்லை, முடி வெட்டி வந்த பிள்ளையைப்போலத் தெளிந்து நின்றது. இலைகளுக்கு இடையே வானம் தெரிந்தது. அன்று முதல் மகள் மறுபடி மாடி அறையில் படுக்கத் தொடங்கினாள்.

டீச்சர் இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். அவர் வீட்டில் வாடகைக்கு ஆட்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மரத்தைப் பார்க்க ஆள் கூப்பிடுவது என் கணவரின் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, அவரே எடுத்துக்கொண்டது. இந்த வருடப் புயலில் தெருவில் இரண்டு மரங்கள் சாய்ந்தன. எங்கள் மாடியில் இலைகள் மட்டும்தான். மறுநாள் காலையிலேயே டீச்சரிடமிருந்து வீடியோ கால். நானும் கணவரும் ஆசையாகத் தலையை ஒட்டவைத்துக்கொண்டு திரைமுன் நின்றோம்.

“உங்க மூஞ்சிய எத்தனை வருஷம் பாத்தாச்சு! மரத்தைக் காட்டுங்க.”

கணவர் போனைத் திருப்பினார். மேலே, கீழே, கிளை கிளையாகக் காட்டினார்.

“அதோ, அந்தக் கிளையில கொத்தா துளிர் வந்திருக்கு பாருங்க,” என்றது குரல். “விட்டா பலமில்லாத குச்சியாத்தான் வரும், கிள்ளிடுங்க தம்பி. இப்பவே. நான் பாத்துட்டேதான் இருக்கேன்.”

கணவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு ஏணி எடுக்கப் போனார்.