நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பூச்சி மருந்து

என் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து தெளிந்த வருஷம் ஊர் எல்லைக் கருப்புசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டேன். செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது யாரும் ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்ப்பதில்லை. என்னுடைய பன்னிரண்டும் காலையில் ஏரிக்குள் இறங்கினால் ஊர் ஆடுகளோடு கலந்து மேய்ந்துவிட்டு, சாயங்காலம் தானாகப் பிரிந்து வரும். எது கழிந்த இடத்துப் புல்லை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

படையலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கிடாவுக்குக் கழிச்சல் கண்டது. தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டித் தொங்கியது. முந்தின வருஷம் இதே மாதிரி தொங்கிய ஒரு பெட்டை ஆடு ஒரு வாரத்தில் போய்விட்டது. தீப்பெட்டியில் புழுக்கை எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிடாவுடையதை மட்டும் எடுத்தால் மற்றவற்றின் கதி என்ன என்று பன்னிரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருந்தேன்.

"எந்த ஆட்டோடதுய்யா இது?" என்றார் டாக்டர்.

"எல்லாத்தோடதும் இருக்கு சார்."

"அப்ப எல்லாத்துக்கும்தான் ஊத்தணும்."

கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, குடற்புழு முட்டை நிறைய இருக்கிறது என்றார். நான் கொண்டுபோன பாட்டிலில் கம்பவுண்டர் மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"சினை ஆட்டுக்குக் குடுத்துடாத. குடுத்த ஆட்ட பதினஞ்சு நாளைக்குக் கறி போட்டுடாத" என்றார் கம்பவுண்டர்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கொடுத்தால் பத்தாம் நாள் வெட்டக்கூடாது. கொடுக்காவிட்டால் பத்தாம் நாள் வரை கிடா இருக்காது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை அப்போது மூன்று மாசம். எங்கள் சனத்தில் மாசமாக இருக்கிற பெண் வந்திருந்தால், ஈரலைச் சுட்டு முதலில் அவளுக்குத்தான் கொடுப்பார்கள். சினை ஆட்டுக்கு ஆகாதது தங்கைக்கு ஆகுமா என்று கம்பவுண்டரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

சினையாக இருந்த இரண்டை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் அன்றைக்கே ஊற்றினேன். கிடாவுக்கு ஊற்றியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சாமிக்கு விட்டதற்குக் காது அறுக்கக்கூடாது, சூடு போடக்கூடாது. மருந்து ஊற்றலாமா என்று கேட்கலாம்தான். கேட்டால் ஊற்றியது தெரிந்துவிடும். நாலைந்து நாளில் கிடாவின் தாடை வற்றியது. ஒரு வாரத்தில் என்னை முட்ட வந்தது.

கோயிலில் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்டமாட்டார்கள். நான் அதைத்தான் நம்பியிருந்தேன். நேர்ந்துகொண்ட சாமியிடமே ஏற்றுக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஐந்து செம்பு ஊற்றியும் கிடா அசையவில்லை.

"மச்சான், கெடா ஒங்கள மாரியே ரோசன பண்ணுது" என்றார் தங்கையின் புருஷன்.

பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். "வூட்டுல யாருக்காச்சும் மனக்கொறை இருந்தா சொல்லிடுங்க." கிடா சிலுப்பாவிட்டால் எங்கும் கேட்பதுதான். என் மனைவி நேராக என்னைப் பார்த்தாள். பதினைந்து நாள் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பூச்சி மருந்தா? இதுக்குத்தான் பத்து நாளா சோறு எறங்காம கெடந்தீங்களா?" என்றாள்.

"நல்லதுதான மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நம்ம வயித்துல உள்ளதும் சேந்து போவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தங்கையைக் காட்டி, "சினை ஆட்டுக்கே ஆவாதுன்னு சொன்னாங்க மாப்ள" என்றேன். மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்தினார்.

"என்னைய ஆடுங்கிறியாண்ணே?" என்றாள் தங்கை.

அப்போதுதான் கிடா சிலுப்பியது. தலையிலிருந்து வால் வரைக்கும். பூசாரியின் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். பெண்கள் குலவை போட்டார்கள். இனி வெட்டித்தான் ஆகவேண்டும். பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி சரின்னுடுச்சு. இன்னைக்கேன்னு சொல்லல. நாள் கழிச்சிப் புடிச்சிட்டு வா."

வந்தவர்களுக்குப் பூசணிக்காய் சாம்பார் வைத்தோம். அதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

பதினைந்து நாள்தான் சொன்னார்கள். நான் இருபதாம் நாள் வெட்டினேன். முதல் துண்டை நானே தின்றுவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் பந்தி. தங்கைக்கு ஈரல் கொடுக்கவில்லை. நாள்தான் தாண்டிவிட்டதே என்று மாப்பிள்ளை கேட்டார். கம்பவுண்டர் ஆட்டைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது, தங்கையைப் பார்த்துச் சொன்னதில்லை என்றேன்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. ஒரு குறையும் இல்லை. வளரும்போது கொஞ்சம் ஒல்லியாக இருந்தாள். நான் கொடுக்காத ஈரல்தான் அதற்குக் காரணம் என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். இருக்குமோ என்று எனக்கும் இருக்கிறது.